வாசகர் கேள்வி: அச்சிட்ட மூட்டுகள் ஏன் வெடிக்கின்றன?

கேள்வி: லீக்ஸ், கோவா நாற்றுகளுக்காக லயத்துக்குப் பின்னால் 4 மீற்றர் விட்டத்தில் குவிமாடக் கூடாரம் போட்டோம். 2க்கு 1 அங்குல யூக்கலிப்டஸ் சட்டங்கள், முப்பரிமாண அச்சில் எடுத்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் மூட்டுகள். ஒரு மாதத்துக்குள் மூன்று மூட்டுகள் வெடித்துவிட்டன. இன்னும் தடிப்பாக அச்சிட்டால் போதுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: போதாது. வெடித்த மூட்டைக் கையில் எடுத்து, பிளவு எங்கே தொடங்கியது என்று பாருங்கள். சட்டம் நுழையும் குழியின் மூலையில் தொடங்கியிருந்தால் காரணம் மரம்தான். பனியிலும் மழையிலும் சட்டம் ஊதுகிறது. நாலு பக்கமும் மூடிய குழியில் அதற்கு இடமில்லை. புத்தகத் தாள் பிரிவதுபோல் மூட்டு ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால், மூட்டின் கையை, அதாவது ஒரு சட்டத்தைப் பிடிக்க நீளும் பகுதியை, நிற்க வைத்து அச்சிட்டிருக்கிறீர்கள். போல்ட் துளையைச் சுற்றி வெளிறியிருந்தால், அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள்.

முழு மூட்டையும் ஒரே துண்டாக எடுக்க வேண்டாம். கைகளைத் தனித்தனியாக, பக்கவாட்டில் படுக்க வைத்து அச்சிடுங்கள். அப்போது ஏடுகள் கையின் நீளவாக்கில் ஓடும். குழியின் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும், அடியில் 6 மி.மீ. வடிகால் துளை. கைகளை 3 மி.மீ. இரும்புத் தகடுகள் இரண்டுக்கு நடுவே வைத்துப் பூட்டுங்கள். போல்ட் துளைக்குள், பிளாஸ்டிக்கின் தடிப்பு அளவுக்கே வெட்டிய சிறு இரும்புக் குழாய்த் துண்டைச் செருகுங்கள். முறுக்கும் விசை முழுவதும் இரும்பில் இறங்கும். இது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நசுங்கி, எத்தனை முறை இறுக்கினாலும் நட்டு தளரும்.

பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸிலேயே இளகும். பொலித்தீனுக்குள் நண்பகல் வெயிலில் அது ஆபத்து. வெயிலைத் தாங்க ஏ.எஸ்.ஏ. என்ற பிளாஸ்டிக் சிறந்தது.

இரண்டாம் படிநிலைக் குவிமாடத்துக்கு (பெரிய முக்கோணங்களின் ஒவ்வொரு விளிம்பையும் இரண்டாகப் பிரித்துக் கட்டுவது) 26 மூட்டுகள்: ஐந்து கை 6, ஆறு கை 10, தரையில் நிற்கும் நாலு கை 10. நீளச் சட்டம் 35, குட்டைச் சட்டம் 30. மூட்டு மையத்திலிருந்து மையத்துக்கு முறையே 1,236, 1,093 மி.மீ. மையத்துக்கும் சட்டத்தின் நுனிக்கும் இடையே 60 மி.மீ. விட்டால், 1,116, 973 என்று வெட்டுங்கள். கைகள் 130: நீளச் சட்டத்துக்கு 18 பாகைச் சரிவில் 70, குட்டைக்கு 16 பாகையில் 60. இரண்டும் கலந்துவிட்டால் கடைசி முக்கோணம் பூட்டாது; இரு நிறங்களில் அச்சிடுங்கள்.

தரை மூட்டுகள் பத்தையும் கொங்கிரீட் குழிகளில் பூட்டுங்கள். இவ்வளவு இலேசான கூடாரத்தைக் காற்று தூக்கத்தான் பார்க்கும்.

கேள்வி: இதே மூட்டில் படுக்கையறை கட்டலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம். ஆள் உறங்கும் இடத்தில் பாரத்தைப் பிளாஸ்டிக் சுமக்கக்கூடாது. 2011இல் தொடங்கிய விக்கிஹவுஸ் முறையைப் பாருங்கள்: 18 மி.மீ. ஒட்டுப்பலகையைக் கணினி வெட்டுப்பொறியில் அறுத்து, பலகையிலேயே பூட்டு எடுப்பார்கள். ஆனால் பலகை வாங்குவதற்கு முன், உங்கள் மலைச்சரிவில் கட்டலாமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பெறுங்கள்.