மகனுக்கு ஜிடிஐ வாங்கித் தரலாமா? இபிஎஃப் பணத்தை எடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: வணக்கம் ஐயா. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 52. மகனுக்கு 18, பி லைசென்ஸ் (புதிய ஓட்டுநருக்கான தகுதிகாண் உரிமம்) எடுத்து நான்கு மாதம் ஆகிறது. சுபாங் ஜெயாவில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். எஸ்பிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றால் கார் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் பங்கை அவன் செய்துவிட்டான். இப்போது அவன் கேட்பது 2016-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ என்ற வேகக் கார், விலை 90,000 வெள்ளி (ரிங்கிட்). இபிஎஃப்-இல் (ஊழியர் சேமநிதியில்) 50 வயது மீட்பாக 25,000 எடுத்து முன்பணம் கட்டிவிட்டு, மீதி 65,000-க்கு ஐந்து வருடக் கடன் போடலாம் என்கிறார் கார் விற்பவர். வட்டி 4%. நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 7,800 கைக்கு வாங்குகிறோம். வீட்டுக் கடன் 1,900. வங்கியில் 12,000 சேமிப்பு. காரை மனைவி பெயரில் போட்டால் காப்புறுதி குறையும் என்றும் சொல்கிறார்கள். மனைவிக்கு இதில் சம்மதமே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் காரை வாங்க வேண்டாம் ஐயா. உங்கள் மனைவி மறுப்பதில் நியாயம் இருக்கிறது. பையனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வழி உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் காப்புறுதியைப் பார்த்துவிடுவோம். உங்களிடம் பேசிய யாரும் அதை முழுதாக விளக்கவில்லை என்று தெரிகிறது.

விரிவான காப்புறுதி எடுத்துவிட்டால் என்ன நடந்தாலும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். விபத்தில் எதிர்த்தரப்பினர் உயிரிழந்தாலோ காயமடைந்தாலோ அந்த இழப்பீட்டுக்கு வரம்பில்லாத காப்பு உண்டு. அவர்களுடைய சொத்துச் சேதத்துக்கு 30 லட்சம் வெள்ளி வரை உண்டு. ஆனால் காரை ஓட்டியவருடைய சொந்தக் காயமும் மரணமும் அதில் சேராது. உங்கள் காரில் உட்கார்ந்திருக்கும் பயணிகள் தொடுக்கும் வழக்கும் சேராது. பையனோடு மூன்று நண்பர்கள் உலு யாம் சாலைக்குப் போய், வளைவில் கார் கவிழ்ந்து, ஒரு நண்பனுக்கு முதுகெலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணிகளுக்கான சட்டப் பொறுப்புக் காப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்காவிட்டால், அந்த வழக்கின் தொகை முழுவதும் ஓட்டியவர் தலையில்தான் விழும். கார் உரிமையாளரையும் வழக்கில் இழுப்பது சகஜம். பதினெட்டு வயதுப் பையனிடம் பணம் இருக்காது என்று வழக்கறிஞருக்குத் தெரியும்.

இனி, காரின் சேதத்தையே எடுத்துக்கொள்வோம். காராக் நெடுஞ்சாலையில் மழையில் வழுக்கி இரும்புத் தடுப்பில் மோதியதாக வையுங்கள். பழுது பார்க்க 30,000 வெள்ளி, அதில் புது உதிரிபாகங்கள் மட்டும் 20,000. பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியது போடும்போது காரின் மதிப்பு கூடுகிறது என்று சொல்லி, காப்புறுதி நிறுவனம் ஒரு பங்கை உங்களையே கட்டச் சொல்லும். ‘பெட்டர்மென்ட்’ என்பது இதுதான். ஐந்து வயதுக் காருக்கு 15%, அதன்பின் வருடத்துக்கு 5% ஏறி, பத்து வயதிலும் அதற்கு மேலும் 40%. 2016-ஆம் ஆண்டுக் கார் அந்த உச்சிக்கு வந்துவிட்டது. ஆக, 20,000-இல் 8,000 வெள்ளியை நீங்கள் எண்ணி வைத்தால்தான் பட்டறையிலிருந்து கார் வெளியே வரும். வண்டி ஓட்டியவர் 21 வயதுக்குக் கீழ், கையில் இருப்பது பி லைசென்ஸ் என்பதால் வழக்கமான பாலிசியில் கோரிக்கைத் தொகையில் 400 வெள்ளியை நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும் உண்டு. உங்கள் சேமிப்பு 12,000. ஒரே மோதலில் முக்கால்வாசி போய்விடும்.

அதோடு என்சிடி-யும், அதாவது கோரிக்கை இல்லாமல் ஓட்டியதற்குக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், போகும். தனியார் காருக்கு அந்தத் தள்ளுபடி முதல் வருடம் இல்லை. பிறகு 25%, 30%, 38.33%, 45%, 55% என்று ஏறும். உங்கள் பக்கம் தவறு என்று ஒரு கோரிக்கை வந்தாலே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். திரும்ப 55%-ஐத் தொட ஐந்து வருடம் கோரிக்கையில்லாமல் ஓட்டியாக வேண்டும். ஆகவே, உங்கள் பழைய காரில் சேர்த்து வைத்த என்சிடி-யை இந்தக் காருக்கு மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மனைவி பெயரில் போடுவதால் லாபம் எதுவும் இல்லை. அவருக்கு ஏற்கெனவே கார் இல்லையென்றால் தள்ளுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். 2017-க்குப் பிறகு விரிவான காப்புறுதிக் கட்டணத்தை நிறுவனங்களே ஆபத்தைப் பார்த்து நிர்ணயிக்கின்றன. காரை முக்கியமாக யார் ஓட்டுவார் என்ற கேள்விக்குத் தாயின் பெயரைச் சொல்லிவிட்டு மகன் தினமும் ஓட்டினால், அது தவறான தகவல் கொடுத்ததாக ஆகும். கோரிக்கை வரும் நாளில் அதை வைத்தே தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். வேகச் சம்மன்கள் அவர் பெயருக்கு வரும். கடன் வங்கிகள் பார்க்கும் அவருடைய சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் உட்காரும். வேண்டாம் என்று சொல்பவர் தலையில் இத்தனையையும் ஏற்றுவது சரியல்ல.

இப்போது மாதச் செலவு. 65,000-க்கு 4% என்று சொல்வது ஃப்ளாட் ரேட். வருடம் 2,600 வீதம் ஐந்து வருட வட்டி 13,000, மொத்தம் 78,000, மாதம் 1,300. நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் அசலின்மேலேயே போடப்படுவதால், உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 7.4%. எந்த வங்கியிடமும் ‘எஃபெக்டிவ் ரேட் எவ்வளவு?’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சாலை வரி 1,984 சிசி-க்கு 372 வெள்ளி. இது பெரிய தொகை இல்லை. காப்புறுதி முதல் வருடம் 3,000-க்குக் குறையாது என்று வைத்துத் திட்டமிடுங்கள். பெட்ரோல் விஷயத்தில் ஜிடிஐ வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் உயர் ரகமான ரோன் 97 ஊற்றுவார்கள். அதற்கு மானியம் கிடையாது, விலையும் வாராவாரம் மாறும். மாதம் 1,200 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர், லிட்டர் 3 வெள்ளி 20 காசு என்று போட்டால் 384 வெள்ளி.

பராமரிப்புக்கு மாதம் 300 ஒதுக்க வேண்டும். இந்த இன்ஜினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கின்றன. சூட்டில் அது நெளிந்து கூலன்ட் கசிவது இந்த வகை இன்ஜின்களில் எல்லாருக்கும் தெரிந்த குறை. இன்ஜினுக்குக் கீழே இளஞ்சிவப்பாகக் காய்ந்த படிவு தெரிந்தால் ஏற்கெனவே கசிகிறது என்று அர்த்தம். மாற்ற 1,500 முதல் 2,500 வரை ஆகும். டிஎஸ்ஜி என்ற இதன் தானியங்கிக் கியர்பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். முந்தைய உரிமையாளர் தவறவிட்டிருந்தால் கியர் மாறும்போது உதறும், பிறகு கியரைக் கட்டுப்படுத்தும் மெக்காட்ரானிக் பாகமே கெடும். 18 அங்குலச் சக்கரத்துக்கு டயர் ஒன்று 600, 700 வெள்ளி. டயரின் பக்கச் சுவர் மெல்லியது என்பதால் நம் ஊர்ப் பள்ளங்களில் ரிம்மும் சேர்ந்து அடிபடும்.

டோல், பார்க்கிங்குக்கு 150 சேர்த்தால் எல்லாம் கூட்டி மாதம் சுமார் 2,400 வெள்ளி வரும். வீட்டுக் கடனோடு சேர்த்தால் 4,300. கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். 50 வயது மீட்பு உங்கள் உரிமைதான், யாரும் தடுக்க முடியாது. ஆனால் 2023-இல் வழக்கமான சேமிப்புக்கு 5.5%, 2024-இல் 6.3% லாப ஈவு கொடுத்த இடம் அது. வருடம் 5.5% என்றே வைத்தாலும் 25,000 வெள்ளி நீங்கள் 60-ஐத் தொடும்போது 38,000-ஐத் தாண்டிவிடும். அந்தப் பணத்தை எடுத்து, வருடா வருடம் விலை இறங்கும் பத்து வயதுக் காரில் போட்டுவிட்டு, மீதிக்கு 7.4% வட்டியும் கட்டச் சொல்கிறார்கள்.

பணக் கணக்கு இவ்வளவு. ஆனாலும் எனக்குப் பெரிய கவலை பணமில்லை, அந்தப் பையன்தான். பெரோடுவா மைவி 1.5 போன்ற சிறு காரில் 102 குதிரைத்திறன், ஜிடிஐ-இல் 220. 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கிறது. கால் லேசாக அழுந்தினாலே கார் பாயும். லைசென்ஸ் எடுத்த முதல் மாதங்கள்தான் மிக ஆபத்தான காலம் என்பதும், உடன் வயதொத்த நண்பர்கள் இருந்தால் அந்த ஆபத்து கூடும் என்பதும் பல நாடுகளில் பார்த்து உறுதியான உண்மை. புதிய ஓட்டுநர் திறமையற்றவர் என்பதல்ல இதற்குக் காரணம். எதிரே உருவாகும் ஆபத்தை இரண்டு விநாடி முன்பே படிக்கும் கண் அவருக்கு இன்னும் வரவில்லை. 90-க்குப் பதில் 110-இல் போகும் கார் மோதும்போது ஆற்றல் ஒன்றரை மடங்கு. ஈரச் சாலை வளைவில் முன்சக்கர இயக்கக் காரை மிதித்தால் முகப்பு வளைவுக்கு வெளியே இழுக்கும். அனுபவமில்லாதவர் பயந்து சட்டென்று காலை எடுப்பார், பின்பக்கம் பிடியை இழக்கும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி ஓரளவு காப்பாற்றும். டயருக்குத் தரையில் பிடியே இல்லாதபோது அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் பி லைசென்ஸ்காரர் ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரை ஓட்டக் கூடாது. நம் நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. நேர்மையாகச் சொன்னால், கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும் இந்த ஜிடிஐ அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். டன்னுக்கு 120-ஐ ஒட்டித்தான் வரும். பிரச்சினை அதற்குப் பிறகு. ‘ஸ்டேஜ் 1’ என்று ஒரு மடிக்கணினியைச் செருகி, ஒரு பிற்பகலில் மென்பொருளை மாற்றி 300 குதிரைத்திறன் பக்கம் கொண்டுபோக இங்கே ஆள் உண்டு. அதோடு அந்த வரம்பைத் தாண்டிவிடும், வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. காப்புறுதி நிறுவனத்திடம் அறிவிக்காத மாற்றம் என்பதால் கோரிக்கையும் சிக்கும். முந்தைய உரிமையாளரே செய்து வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

சட்டத்தையும் பையனிடம் படித்துக் காட்டுங்கள். பி காலத்தில் 20 தவறுப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. அபாயகரமாக ஓட்டி ஒருவர் இறந்துவிட்டால், 2020 திருத்தத்துக்குப் பின் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி அபராதம். அபராதத்தை எந்தக் காப்புறுதியும் கட்டாது. சிறைக்கு உங்களால் மாற்று அனுப்பவும் முடியாது.

வாக்கைக் காப்பாற்றும் வழி இது. நீங்கள் சொன்னது கார். ஜிடிஐ என்று சொல்லவில்லை. 42,000 வெள்ளி அளவில் பழைய மைவி 1.5 அட்வான்ஸ் பாருங்கள். 6 ஏர்பேக், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் விஎஸ்சி, முன்னால் தடை வந்தால் தானாகப் பிரேக் போட உதவும் ஏஎஸ்ஏ ஆகிய மூன்றும் அந்த ரகத்தில் உண்டு. சேமிப்பிலிருந்து 10% முன்பணமாக 4,200 கட்டுங்கள். 37,800-க்கு 3.5% ஃப்ளாட்டில் ஐந்து வருடம் போட்டால் மாதம் 740. சாலை வரி வருடத்துக்கு 90 வெள்ளி. ரோன் 95 ஊற்றலாம்; 2025 செப்டம்பரில் தொடங்கிய பூடி95 மானிய விலையான 1 வெள்ளி 99 காசுக்கு மாதம் 155 போதும். காப்புறுதி, பராமரிப்பு, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1,280 பக்கம் நிற்கும். ஜிடிஐ-யைவிட மாதம் 1,100-க்கு மேல் மிச்சம். அதில் 500-ஐ அவன் கல்லூரிக் கட்டணத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டு, அவசர நிதியை முதலில் ஆறு மாதச் செலவுக்கு உயர்த்துங்கள்.

பாலிசி எழுதும்போது மகனைப் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநராகச் சேருங்கள். பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு, பெட்டர்மென்ட் விலக்கு, வெள்ளக் காப்பு, ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் தனிநபர் விபத்துக் காப்பு ஆகியவற்றை விலை கேட்டுச் சேருங்கள். காப்புத் தொகையைச் சந்தை மதிப்புக்கே வையுங்கள். கட்டணம் குறையட்டும் என்று 90%-க்குக் கீழ் இறக்கினால் கோரிக்கைத் தொகையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். முன்னும் பின்னும் கேமரா பொருத்துங்கள்.

முதல் ஆறு மாதம் அவன் தினமும் ஓட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறினால் எஸ்எஸ்15 நிலையம் வரை போகலாம்; மாதம் 50 வெள்ளி மை50 பயண அட்டை போதும். வார இறுதியில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட விடுங்கள். முதலில் பகலில் எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலை, பிறகு மழையில், பிறகு இரவில், கடைசியாக காராக் ஏற்றம். ஆறு மாதம் வரை இரவில் நண்பர்களை ஏற்றக் கூடாது என்று கார் வாங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

வேகத்தின் மேல் அவனுக்கு உண்மையான ஆசை இருந்தால் அதை அவமதிக்காதீர்கள். செப்பாங் பந்தயத் திடலில் நடக்கும் ஓட்டுநர் பயிற்சி ஒன்றுக்கு அனுப்புங்கள். ஈரத்தில் பிரேக் அடிப்பதும் வழுக்கலிலிருந்து மீள்வதும் அங்கே பயிற்றுநர் பக்கத்தில் இருக்கக் கற்கலாம். ஆனால் பந்தயத் திடலில் ஏற்படும் சேதம் சாதாரண பாலிசியில் சேராது என்பதால் சொந்தக் காரை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

ஜிடிஐ-க்கு முன்பதிவுப் பணம் ஏதும் கொடுத்திருந்தால், தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன் இந்த வாரமே எழுத்து மூலமாக ரத்து செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி, தேதி தெரியும்படி ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.