மாத்திரையை நிறுத்தினால் உடம்பு விழுந்துவிடுகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 47. ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறோம். ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம், நடுவில் மிளகுக் கொடியும் உண்டு. இரண்டு வருஷமாக சரவாங்கி என்ற மூட்டுவாதம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் காலையில் பிரட்னிசலோன் 10 மில்லிகிராம். பிரட்னிசலோன் ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. முகம் ஊதிவிட்டது. "அது ஸ்டீராய்டு, கிட்னி போய்விடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, பயந்துபோய் நானே நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. தலைசுற்றல், குமட்டல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. மறுபடி மாத்திரை போட்ட அன்றே தெளிந்துவிட்டது. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? இனி விடவே முடியாதா? கடைவாய்ப் பல் ஒன்றையும் எடுக்க வேண்டியிருக்கிறது.

பதில்: அடிமையாகவில்லை அம்மா. முதலில் அந்த வார்த்தையை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த மாத்திரையை விட முடியும். ஆனால் நாலு நாளில் முடியாது. சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்று பெயர். விடியற்காலையில் அது கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். ரத்த அழுத்தம் விழாமல், சர்க்கரை இறங்காமல், காய்ச்சலோ காயமோ வந்தால் உடம்பு தாங்கும்படி பார்த்துக்கொள்வது அதுதான். ஒரு நாளில் சுரப்பதை பிரட்னிசலோன் கணக்கில் சொன்னால் சுமார் 4, 5 மில்லிகிராம். நீங்கள் 14 மாதமாக வெளியிலிருந்து 10 கொடுத்து வருகிறீர்கள். தேவைக்கு மேலேயே வருகிறதே என்று மூளை உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடுகிறது, சுரப்பியும் சுருங்கித் தூங்கிவிடுகிறது. மூன்று நாலு வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிடும் யாருக்கும் இது நடக்கலாம். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் ஊறவில்லை. நாலாம் நாள் உங்களைப் படுக்க வைத்தது அதுதான். திரும்ப மாத்திரை போட்டீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். வாந்தி வந்து மாத்திரை தங்காமல் போயிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

கிட்னி விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளை மாற்றிச் சொல்கிறார்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்ணில் புரை வரும், கண் அழுத்தம் கூடும், கிருமித் தொற்று சுலபமாக ஒட்டும். இதெல்லாம் உண்மை. கிட்னியைக் கெடுப்பதில் பேர் வாங்கியது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போடுவதால் சிறுநீரகம் பழுதாகி வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஸ்டீராய்டுக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டு, அந்த வலிக்கு இதைப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு வேதனை. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் யாராவது மூட்டுவலிப் பொடி கொடுத்தால் அதையும் தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொடி சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குறைக்கும்போது வலி வரும். அது சுரப்பி விழிக்காததால் வந்ததா, சரவாங்கி தலைதூக்குவதால் வந்ததா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவரை அவர் மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். மாத்திரையை விட்டு ஒரு வாரம். வாதம் முற்றிவிட்டது என்று வேறோர் இடத்தில் தினமும் வலி ஊசி போட்டிருக்கிறார்கள். "கையை மடக்குங்கள் ஐயா" என்றேன். விரல் நுனி உள்ளங்கையில் அழுத்தமாகப் பதியும்படி மடக்கிக் காட்டினார். விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன், வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 110 இருந்தது, எழுந்து நிற்க வைத்ததும் 80க்கு இறங்கிக் கண் இருட்டிவிட்டது. சரவாங்கி முற்றிய கை அப்படி மடங்காது. அவருக்கு வேண்டியிருந்தது நிறுத்திய அந்த ஸ்டீராய்டுதான்.

உங்கள் கையையும் இதே மாதிரி பாருங்கள். காலையில் எழுந்ததும் முஷ்டி மடக்குங்கள். முழுதாக மடங்க எத்தனை நிமிஷம் ஆகிறது? விரல் கணு, மணிக்கட்டு வீங்கியிருக்கிறதா? ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, கூடவே வீக்கம் என்றால் சரவாங்கி. வீக்கம் இல்லாமல் தொடை, தோள் சதை வலி, சோர்வு, பசியின்மை, எழுந்தால் தலைசுற்றல் என்றால் சுரப்பியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். எனக்கென்னவோ ரிப்போர்ட்டைவிட நோட்டுதான் அதிகம் பேசும் என்று தோன்றும்.

குறைக்கும் விதத்தை உங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாக 10லிருந்து 7.5, அப்புறம் 5 என்று, ஒவ்வொரு படியிலும் இரண்டிலிருந்து நாலு வாரம் அதே அளவில் வைத்துப் பார்ப்போம். 5க்குக் கீழேதான் நிஜமான ஏற்றம். அங்கே மாதத்துக்கு 1 மில்லிகிராம் போல இறங்குவோம். சின்ன அளவு மாத்திரை கிடைக்காவிட்டால் ஒரு நாள் 5, மறுநாள் 2.5 என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதும் உண்டு. மேலே பூச்சு உள்ள மாத்திரையைக் கேட்காமல் உடைக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் காலை 8 மணிக்கு, அன்றைய மாத்திரை போடுவதற்கு முன் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை செய்தால் சுரப்பி விழித்ததா என்று தெரியும். 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 5க்குக் கீழே என்றால் மாத்திரையை அதே அளவில் தொடர்ந்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.

ஒவ்வொரு முறை 7.5க்கு வரும்போதும் மூட்டு வீங்குகிறது என்றால் ஸ்டீராய்டிலேயே தங்கிவிடக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டின் அளவு போதுமா, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபசலாசின் போல இன்னொன்று சேர்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நோயை அடக்கும் வேலை அவற்றுடையது. அவை வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை தாங்கத்தான் ஸ்டீராய்டு. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள்தான். எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தவறித் தினமும் போட்டு ஆபத்துக்கு ஆளானவர்கள் உண்டு.

அப்புறம், பழம் பறிப்பு. கார்த்திகையிலிருந்து தை வரை நீங்கள் பனியில் நின்று பறிப்பீர்கள். அந்த வாரங்களில் குறைக்க ஆரம்பித்தால், வலி வந்தது குளிராலா, கூடை தூக்கியதாலா, மருந்து குறைந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. பறிப்புக்கு முன்பே ஒரு படி இறங்கிவிட்டு அங்கேயே நில்லுங்கள். அடுத்த படியைப் பறிப்பு முடிந்து பார்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுப்பாருங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

குறைக்கும் காலத்திலும், முழுதாக விட்ட பிறகு ஒரு வருஷத்துக்கும், "நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்று ஒரு சீட்டில் எழுதி மணிபர்ஸில் வையுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் அளவைக் கூட்ட வேண்டும், பெரும்பாலும் 10க்குக் கொண்டுபோவோம். எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை, மயக்கம் வருகிறது என்றால் சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போய் அந்தச் சீட்டை நீட்டுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் உடனே வேண்டும்.

பல்லைத் தாராளமாக எடுக்கலாம். அன்று காலை மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட் இரண்டையும் சொல்லுங்கள், எலும்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். கூடுதல் அளவு வேண்டுமா என்று உங்கள் மருத்துவரை ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்.