வாங்கும் முன் கேளுங்கள்: பாலைவனத்துக்குக் கிளம்பும் சுங்கை சிப்புட்காரர்கள்

கேள்வி: ஜனவரியில் ராஜஸ்தானுக்குப் பறவை பார்க்கப் போகிறேன். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘100x180’ என்று போட்ட பைனாகுலரை 90 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். வாசலில் நிற்கும் மைனாகூட மங்கலாகத் தெரிகிறது. விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள். (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

பதில்: ஐயா, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். இந்த எண் மோசடியைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 180 என்றால் 18 சென்டிமீட்டர், ஒரு சிறிய தட்டு அளவு! ஸ்கேலை எடுத்து உங்கள் கண்ணாடியை அளந்து பாருங்கள், பொய் அங்கேயே தெரிந்துவிடும். 100 மடங்கு என்பதும் அப்படித்தான். 10 மடங்குக்கு மேல் போனாலே கை நடுக்கத்தில் பறவை துள்ளும். பறவை பார்ப்பவர்கள் கழுத்தில் பெரும்பாலும் தொங்குவது 8x42. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அவ்வளவு அகலம். விடியற்காலையில் கானமயில் என்ற பறவையைத் தேடும்போது அந்த வெளிச்சம்தான் கைகொடுக்கும்.

‘திரும்ப வாங்க மாட்டோம்’ என்று சொன்னாலும், போர்டு மாட்டினாலும், மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை போய்விடாது. பொருள் சொன்னபடி இருக்க வேண்டும். பயனீட்டாளர் திரிபுனலில் (பயனீட்டாளர் புகார்களை விசாரிக்கும் மன்றம்) 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. ரசீது இல்லையென்றால் கியூஆரில் பணம் கட்டிய பதிவு, கடையின் படம், பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். 90 வெள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தார் பாலைவனத்தில் லைன் கிடைக்காதாம். சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். ஏர்போர்ட்டிலேயே பிடிபட்ட வெளிநாட்டவர்கள் உண்டு.

கேள்வி: பாலைவனம் என்றால் வெயில்தானே, ஸ்லீப்பிங் பேக் எதற்கு? (மாணவி, கோலாகங்சார்)

பதில்: ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். மணல் சூட்டைப் பிடித்து வைக்காது. ‘மைனஸ் 5’ என்று பெரிதாக அச்சடித்த பையை நம்பி நான் அங்கே ஒரு மணல்மேட்டில் படுத்தேன். விடியும்வரை பல் கிட்டியது. ஊருக்கு வந்து லேபிளைப் படித்தபோதுதான் புரிந்தது: மைனஸ் 5 என்பது உயிர் பிழைக்கும் எல்லை, நிம்மதியாகத் தூங்கும் அளவு இல்லை. அதனால் ‘கம்ஃபர்ட்’ என்று போட்ட எண்ணை மட்டும் பாருங்கள் தங்கச்சி.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வாடகைக் கார் எடுத்து மண்சாலையில் ஓட்டினோம். அடிப்பாகம் அடிபட்டுவிட்டது. இன்சூரன்ஸ் செல்லாது என்கிறார்கள். நியாயமா?

பதில்: ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? சாதாரணக் காரைத் தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நான் என்ன செய்ய முடியும்? அடுத்து போகிறவர்களுக்கு ஒன்று: பழைய டெண்டு, ஹைக்கிங் சப்பாத்து இரண்டையும் மண் இல்லாமல் கழுவுங்கள், ஆஸ்திரேலியா இறங்கும்போது பயணிகள் நிரப்பும் கார்டில் அவற்றைக் கொண்டுவருவதாக எழுதுங்கள்.

கேள்வி: கேஸ் அடுப்புக்கான டின்னை விமானத்தில் எடுத்துப் போகலாமா?

பதில்: முடியாது. கைப்பையிலும் முடியாது, பெட்டியிலும் முடியாது.

கேள்வி: பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிச் சேர்த்த பணத்தில் அம்மாவுக்கும் எனக்கும் ‘பாலைவன முகாம்’ பேக்கேஜுக்கு நேற்றுதான் முன்பணம் அனுப்பினேன். இன்று ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை.

பதில்: தம்பி, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அம்மாவையும் யாரும் குறை சொல்ல விடாதீர்கள். இதைப் படித்ததும் முதல் வேலையாக மோசடிப் புகாருக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு அழைத்து, பணம் போன கணக்கு எண்ணைச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு. அப்புறம் உங்கள் பேங்க், அதன்பின் போலீஸ் ரிப்போர்ட். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். அந்த ஏஜெண்டுக்குச் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். புகார்க் கடிதம் எழுதத் தெரியவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.