எலக்ட்ராலிசிஸ் செய்த இடத்தில் பொருக்கு: தழும்பாகிவிடுமா?

கேள்வி: மேல் உதட்டிலும் மோவாயிலும் முடியை நிரந்தரமாக எடுக்க எலக்ட்ராலிசிஸ் செய்து நான்கு நாள் ஆகிறது. முதலில் சிவந்து வீங்கியது, இப்போது புள்ளி புள்ளியாகப் பொருக்கு. எரிச்சலுக்கு டீ ட்ரீ ஆயில் தடவினேன், அடங்கவில்லை என்று வீட்டில் இருந்த பீட்டாமெத்தசோன் களிம்பை மூன்று இரவு போட்டேன். முடி இன்னும் அடர்த்தியாக வளரும், மின்சாரம் நரம்பைக் கெடுக்கும், புற்றுநோய்கூட வரும் என்று இணையத்தில் படித்தேன். கண்ணாடி பார்க்கவே பயமாக இருக்கிறது. முகம் பழையபடி ஆகுமா?

பதில்: ஆகும். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரிதான் என்று தெரிகிறது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் பொருக்கு கட்டியிருந்தால் புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், முகம் கெட்டுவிட்டது என்று இல்லை.

இந்தச் சிகிச்சையில் மெல்லிய ஊசி மயிர்க்காலுக்குள் இறங்குகிறது. நேர் மின்னோட்டம் கொடுத்தால் அங்கே உள்ள உப்பும் நீரும் சோடியம் ஹைட்ராக்சைடாக மாறி வேரை அரித்துவிடும், உயர் அதிர்வெண் மின்னோட்டம் என்றால் சூட்டிலேயே வேர் வெந்துபோகும், சிலர் இரண்டையும் சேர்த்தும் செய்வார்கள். எப்படிச் செய்தாலும் எடுத்த ஒவ்வொரு முடிக்கும் தோலுக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு தீப்புண் இருக்கிறது, சிவக்காமல் எப்படி இருக்கும்? சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். பொருக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாக உதிரும். நகத்தால் சுரண்டி எடுத்தீர்களானால் அடியில் இன்னும் முளைக்காத தோலையும் சேர்த்துப் பிய்க்கிறீர்கள், தழும்புக்கு வழி அதுதான்.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்? ஒன்றே ஒன்றுக்கு. வலி குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினால், சிவப்பு ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவினால், அது கிருமித் தொற்று. மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது, தோல் கருத்து ஊதா கலந்தாற்போல் இருக்கும், அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடச் சுடுகிறதா என்று. பொருக்கையும் கிட்டத்தில் பாருங்கள். ஆறுகிற பொருக்கு குண்டூசித் தலை அளவில், பழுப்பாக, காய்ந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். தொற்று வந்த பொருக்கு தேன் நிறத்தில் ஈரமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரியும், அல்லது அடியில் சீழ் தெரியும். இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ, கண்ணைச் சுற்றி வீக்கமோ வந்தால் இரவு என்றுகூடப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் வரும் தொற்றை நாங்கள் யாருமே லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உதட்டோரம் குறுகுறுத்து நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று, முன்பு வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் திரும்ப வரலாம். அதற்கு மாத்திரை உண்டு, ஆனால் ஆரம்பத்திலேயே போட்டால்தான் நன்றாகக் கேட்கும்.

இப்போது அந்தக் களிம்பு. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பீட்டாமெத்தசோன் வீரியமான ஸ்டீராய்டு. எரிச்சல் அடங்கியது போலக் காட்டும், உள்ளே தொற்று இருந்தால் அதையும் மறைத்து வளர விடும். வாரக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாக ரத்தக்குழாய் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முகமே எரிகிற நிலைக்கு ஆளானவர்களை நான் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அத்தனை பேரும் 'வீட்டில் இருந்தது, சும்மா கொஞ்சம் போட்டேன்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மூன்று இரவோடு உங்களுக்கு எதுவும் ஆகிவிடாது. இன்றோடு நிறுத்துங்கள், குழாயைத் தூக்கிப் போடுங்கள். டீ ட்ரீ ஆயிலும் வேண்டாம், புண்பட்ட தோலில் அதுவே ஒவ்வாமையைக் கிளப்பும். மிச்சம் கிடந்த ஆன்டிபயாடிக் மாத்திரையையும் தேடிப் போகாதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது என்றால், மிகக் குறைவாகச் செய்யுங்கள். வாசனையில்லாத மிதமான க்ளென்சரும் வெதுவெதுப்பான நீரும் போதும், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எரிந்தால் சுத்தமான துணியில் ஐஸைச் சுற்றி ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள், ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். காய்ந்து இழுத்தால் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக, அல்லது வாசனை சேர்க்காத கற்றாழை ஜெல். பொருக்கு உதிரும்வரை ஸ்க்ரப், ரெட்டினால், அமிலம் கலந்த சீரம், முகத்துக்கு ஆவி பிடிப்பது எதுவும் கூடாது. மேக்கப்பையும் அதுவரை தள்ளிப் போடுங்கள்.

பொருக்கு விழுந்த இடத்தில் கரும்புள்ளி நிற்கலாம். அது தழும்பு இல்லை, நிறம் தங்குவது, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மங்கிவிடும். வெயில் பட்டால்தான் அது இன்னும் கருத்து நீடிக்கும், ஆகவே தோல் மூடியதும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் போடுங்கள். ஏற்கெனவே உடம்பில் எங்காவது காயம் ஆறி கெலாய்டாகத் தடித்திருக்கிறதா? அப்படியிருந்தால் மட்டும் அடுத்த அமர்வுக்கு முன் தோல் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மீதி பயங்கள் எல்லாம் இணையம் கொடுத்தவை. எடுத்த வேரிலிருந்து முடி அடர்த்தியாக வளராது. இப்போது தெரிவது அன்றைக்கு உறக்கத்தில் இருந்து பிறகு முளைத்த வேறு முடி, அதனால்தான் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன. புற்றுநோய் வராது, நரம்பும் கெடாது. 1875இல் சார்ல்ஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், கண்ணைக் குத்தும் இமைமுடிகளை எடுக்கத்தான் இந்த முறையைக் கையாண்டு எழுதினார். கண்ணிமையிலேயே செய்தது இது. ஆனால் முகத்தில் முடி திடீரென்று அதிகமானது என்றாலோ, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது என்றாலோ ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பொருக்கு முழுதும் உதிர்ந்து தோல் அமைதியான பிறகே அடுத்த அமர்வு. போகும்போது இந்த முறை இவ்வளவு எரிந்தது, பொருக்கு கட்டியது என்று சொல்லுங்கள், மின்னோட்டத்தைக் குறைப்பார்கள், நெருக்கமாக உள்ள முடிகளை ஒரே நாளில் எடுக்காமல் விட்டு விட்டு எடுப்பார்கள். ஊசியை உங்கள் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.