மீட்டர் காட்டிய 30 விநாடி போதாது

இரவுத் தெருவைப் பிலிமில் எடுக்க, ஒளியை அளக்கும் மீட்டர் சொன்ன 30 விநாடிதான் கொடுத்தேன், நெகட்டிவில் தெருவிளக்குகளைத் தவிர ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம். ஒரு விநாடியைத் தாண்டினால் பிலிமின் ஒளியுணர்வு குறைந்துகொண்டே போகும். நீங்கள் போட்ட எஃப்பி4 பிளஸ் பிலிமுக்கு அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட் நிறுவனமே கணக்கு தருகிறது: மீட்டர் நேரத்தை 1.26 அடுக்குக்கு உயர்த்துங்கள் (மடங்கு அல்ல, அடுக்கு; கால்குலேட்டரில் 30^1.26). 30 விநாடி சுமார் 73 ஆகிவிடும். அப்புறம் டெவலப்பிங் நேரத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லையென்றால் விளக்குகள் வெளிறிவிடும். 1930களில் பாரிஸ் இரவுகளை எடுத்த புகைப்படக் கலைஞர் பிரசாய், சிகரெட் எரியும் நேரத்தை வைத்தே கணக்குப் போட்டார். உங்களுக்குக் கைபேசி இருக்கிறது. வண்டி வந்தால் கறுப்பு அட்டையால் லென்ஸை மறையுங்கள். மறைத்த விநாடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை விட்டதும் போனால் இன்னும் நல்லது, ஈரச்சாலை வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.