வேபில்லில் ஏறாத பயணம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு போக்குவரத்துக் கழகத்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவன். என் மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இப்போது போக்குவரத்துத் திட்டமிடலில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள். ரோடு, பாலம் என்று ஏதாவது கட்டுவாள் என நினைத்திருந்தேன். அவளோ கையில் படிவத்தோடு வீடு வீடாகப் போய், "நேற்று எங்கெங்கே போனீர்கள், எதில் போனீர்கள், எதற்காகப் போனீர்கள்" என்று கேட்டு எழுதுகிறாள். பயண நடத்தை ஆய்வாம்.

எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்த சிங்கிளில் (ஒரு வழி ட்ரிப்பில்) கூட்டம் என்பதை, டிக்கெட் கணக்கு எழுதும் என் வேபில்லைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இப்போது செல்போன் வேறு எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. இதில் கதவைத் தட்டிக் கேட்க என்ன இருக்கிறது? பிள்ளை நாலைந்து வருடத்தை வீணாக்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. கடைசி ஒரு வருடம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட் கொடுத்தேன். முன்பெல்லாம் பத்துப் பேர்கூட ஏறாத பதினோரு மணி சிங்கிளில் நிற்க இடமில்லை. எல்லாரும் என் ரூட்டில் உள்ள ஊர்க்காரர்கள்தான். ஆனால் பாதி முகங்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அத்தனை பேரும் அதுவரை எங்கே இருந்தார்கள்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஓய்வுபெற்ற நடத்துநர்,
திண்டுக்கல் மாவட்டம்

---

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிப் பத்தியில் இருக்கும் கேள்விக்குத்தான் உங்கள் மகள் விடை தேடிக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டு பத்திகளில் நீங்கள் எழுப்பியிருக்கும் சந்தேகத்துக்கும் அதுவே பதில். ஒரே ரூட்டில் அத்தனை காலம் நின்ற உங்களுக்கே அந்த முகங்கள் புதியவை. அப்படியானால் உங்கள் வேபில் எதைச் சொல்லவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஏறியவர்களைச் சொன்னது. ஏறாதவர்களைப் பற்றி அதில் எழுத இடமே இல்லை.

நானும் படிவத்தோடு தெருத் தெருவாகப் போனவள்தான். 1990-களில், படித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் ஒரு வீட்டுக் கணக்கெடுப்புக்குத் தினக்கூலியாகச் சேர்ந்தேன். வியாசர்பாடியில் ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். மல்லிகை அரும்பு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, வாழைநாரால் ஒரு சுற்று. நான் கேட்கக் கேட்க அவர் விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவர் கணவர் சைக்கிளில் துறைமுகத்துக்குப் போய் வந்தார். அது இரண்டு பயணம், எழுதியாயிற்று. "நீங்க நேத்து எங்கம்மா போனீங்க?" என்றேன். "நான் எங்க போனேன்? எங்கயும் போகலை" என்றார். அவர் வரிசையில் 0 என்று போட்டேன்.

எழுந்திருக்கும்போது சும்மா கேட்டேன், இந்தப் பூ எங்கே வாங்கினது என்று. விடியற்காலை நாலரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பூக்கடை வரை நடந்து போய் வாங்கி வந்தாராம். மத்தியானம் கட்டி முடித்ததும் நாலு தெரு சுற்றி விற்க வேண்டும். நடுவில் ரேஷன் கடை, தண்ணி லாரி, பள்ளிக்கூடம். "அப்புறம் ஏம்மா எங்கயும் போகலைன்னு சொன்னீங்க?" என்றேன். "அது பொழப்பு. போறது வர்றதுன்னா கோயில், சொந்தக்காரங்க வீடு" என்றார்.

நான் கேட்ட வினைச்சொல்லுக்கு அவர் ஊரில் வேறு பொருள். அன்று மாலை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். படிவத்தைத் திருத்த வேண்டாம், நடந்து போவதெல்லாம் பெரிய கணக்கில்லை என்றார். அந்த 0 அப்படியே போனது. கணக்கில் அந்த வீட்டில் பயணம் செய்பவர் ஒரே ஒருவர், ஆண், சைக்கிள்காரர். அந்த மாதிரி ஆயிரம் வீட்டுப் படிவங்களைக் கூட்டித்தான் எங்கே பஸ் விடுவது, எந்தச் சாலையை அகலமாக்குவது, எங்கே நடைபாதை போடுவது என்று முடிவு செய்கிறார்கள். அந்த 0-வை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கேட்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்ற கேள்வியை 2011 கணக்கெடுப்பில் கேட்டார்கள். பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் வீட்டுத்தொழில் செய்பவர்களையும் அந்தக் கேள்வியிலிருந்து விட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகாத பெண்ணின் மருத்துவமனைப் பயணமும் சந்தைப் பயணமும் அதில் வரவே வராது. உங்கள் பதினோரு மணி சிங்கிளில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அந்த அட்டவணைக்கு வெளியே இருந்திருப்பார்கள்.

இந்தத் துறையின் ஆரம்பம் 1950-களின் அமெரிக்கா. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் விரைவுச்சாலைகள் போடுவதற்காக வீடு வீடாகக் கேட்டார்கள். எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எதில் போகும், எந்த வழியாகப் போகும் என்று நான்கு படிகளாகக் கணக்குப் போடும் முறை அங்கே உருவாகி உலகம் முழுவதும் பரவியது. வீட்டுக்கொரு கார் என்று மாறிக்கொண்டிருந்த ஊர்களுக்காகச் செய்த முறை அது. அதையே நம் ஊரிலும் பொருத்திப் பார்த்தால் பூக்காரம்மாவுக்கு எப்படி இடம் இருக்கும்?

ஆனால் அதே நாட்டில் நடந்த இன்னொரு கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பார்ட் என்ற புதிய ரயில் வரவிருந்தது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் போவார்கள் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. டேனியல் மெக்ஃபேடன் என்ற பொருளாதாரப் பேராசிரியர், ரயில் வருவதற்கு முன்பே சில நூறு பேரிடம் விவரமாகக் கேட்டார். ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், என்ன செலவாகிறது, வீட்டில் கார் இருக்கிறதா. மொத்தக் கூட்டத்தையும் ஒரு திரளாகப் பார்க்காமல், ஒவ்வொருவரும் தன் நிலைமையில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை 6.3 சதவீதம். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எண்ணிப் பார்த்தபோது 6.2 சதவீதம். இந்த வழிமுறைக்காகவே 2000-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கதவைத் தட்டிக் கேட்ட கேள்விகள்தான் அங்கேயும் அடிப்படை.

அந்த வழியில் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடமும் ஸ்டாப்பில் நிற்கும் பத்து நிமிடமும் மனிதருக்கு ஒன்றல்ல. நிற்கிற நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கனக்கிறது. இருபது நிமிடம் நின்றவர் ஏறியதும் "ஒரு மணி நேரமா நிக்கிறோம்" என்று உங்களிடம் எத்தனை முறை சண்டைக்கு வந்திருப்பார்! அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது அவ்வளவு நீளம்.

நம் ஊரிலும் இப்படிப்பட்ட ஆய்வு நடந்திருக்கிறது. சென்னையில் நகரத்துக்குள் இருந்த ஒரு குடியிருப்பையும், நகரத்தின் தென்கோடியில் மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரையும் சுமீதா ஸ்ரீனிவாசன், பீட்டர் ரோஜர்ஸ் இருவரும் ஒப்பிட்டு 2005-ல் எழுதினார்கள். இரண்டு இடத்திலும் ஏழைகள்தான். நகரத்துக்குள் இருந்தவர்கள் அதிகமாக நடந்தும் சைக்கிளிலும் காரியத்தை முடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் வேலையும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருந்தன. ஓரத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த வசதி பறிபோனது. வீடு கொடுத்தோம் என்று எழுதுகிற கோப்பில், அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போக என்ன ஆகும் என்ற கணக்கு இருக்காது. வீட்டுவேலை செய்யும் ஒரு பெண், காலையில் இரண்டு வீடு, மாலையில் ஒரு வீடு என்று பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தவர், இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனபின் வேலையையே விட்டுவிட்டால், அவர் செய்யாத பயணம் எந்த டிக்கெட்டிலும் பதியாது. அவர் ஸ்டாப்புக்கு வராததால் அங்கே பஸ்ஸுக்குத் தேவை இல்லை என்றுகூட அறிக்கை எழுதிவிடலாம்.

செல்போன் சொல்லாதா என்று கேட்டிருந்தீர்கள். செல்போன் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். வீட்டுக்கு ஒரே போன் இருந்து அதை மகன் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போயிருந்தால், அம்மா செல்போன் கோபுரத்தின் கணக்கிலேயே இல்லை. புள்ளி நகர்ந்தது தெரியும். மருந்து வாங்கப் போனாரா, வட்டி கட்டப் போனாரா என்பது தெரியாது. நகராத புள்ளி ஓய்வில் இருக்கிறதா, பஸ் காசு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதும் தெரியாது.

இனி உங்கள் கேள்வி. 2021 மே மாதம் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவிப்பு வந்தது. ஊரடங்கு தளர்ந்து வண்டிகள் ஓடியபோது நீங்கள் பார்த்த கூட்டத்தில் பலவகைப் பெண்கள் இருந்திருப்பார்கள். ஊரடங்குக்குப் பின் பழையபடி திரும்பியவர்கள் சிலர். ஷேர் ஆட்டோவிலிருந்து மாறியவர்கள் சிலர். அதுவரை நடந்தவர்கள் சிலர். அந்தப் பயணத்தை முதன்முறையாகச் செய்தவர்கள் சிலர். உங்கள் கையில் இருந்த மெஷின் இந்த நான்கு பேருக்கும் ஒரே டிக்கெட்டைத்தான் அடித்தது. நான்கும் நான்கு வேறு செய்திகள். திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. முன்பு காசு கொடுத்துப் போனவர்களின் மிச்சம் அது. முன்பு போகவே போகாதவருக்கு என்ன கிடைத்தது என்பதை ரூபாயில் எழுத முடியாது. அவரிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். உங்கள் மகள் அதைத்தான் செய்கிறார். நாலைந்து வருடம் அதற்கு அதிகமே இல்லை.

ஒரு வேண்டுகோள். நீங்களும் அவரும் ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் ரூட்டை ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பேசுங்கள். எந்த ஸ்டாப்பில் பெண்கள் கைகாட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பின்வாங்குவார்கள், எந்த ஊரில் கடைசி வண்டிக்கு யாருமே நிற்க மாட்டார்கள் என்பதெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. பிறகு அவருடைய படிவத்தை வாங்கிப் பாருங்கள். "போக நினைத்துப் போகாமல் விட்ட இடம் உண்டா? ஏன்?" என்ற கேள்வி அதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். நான் அன்று கேட்கவில்லை. படியிறங்கும்போது அந்தப் பூக்காரம்மா தானாகச் சொன்னார், செங்கல்பட்டில் இருக்கிற தன் அம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது என்று. அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. உங்கள் மகளின் படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே நான்கு வரி இடம் விடச் சொல்லுங்கள்.