அமெரிக்காவின் வசந்தகால நன்றி நாள்கள்: எல்லாம் வாழ்த்து அட்டைக் கம்பெனிகளின் வேலைதானா?

கேட்டவரின் கேள்வி இது: மார்ச் கடைசியில் மருத்துவர் தினம், ஏப்ரலில் செயலாளர் தினம், மே மாதத்தில் ஆசிரியர் வாரம், செவிலியர் வாரம், அன்னையர் தினம் என்று அமெரிக்காவில் வரிசையாக வருகிறதே, இதெல்லாம் அட்டையும் பூவும் விற்பதற்காகக் கிளப்பிவிட்டதுதானா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒஹாயோவுக்கு வந்த முதல் வருடம், ஏப்ரல் மாதத்து புதன்கிழமை ஒன்றில் அலுவலகத்தில் ஒரு உறையைக் கையில் கொடுத்து, "உங்கள் பங்கைப் போட்டுவிட்டு அட்டையில் கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். வரவேற்பு மேசையில் இருந்த அம்மாவுக்காம். பிறந்தநாளா என்று கேட்டேன். இல்லை, நிர்வாகப் பணியாளர் தினம் என்றார்கள். மதியம் எல்லாரும் கைதட்ட, அந்த அம்மா சிரித்துக்கொண்டே பரிசைப் பிரித்தார். காபி மக். பிற்பாடு ஒருநாள் ஸ்டேப்ளர் கேட்டுப் போனபோது தன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே பதினொரு மக். "வருடத்துக்கு ஒன்று" என்றார், அவ்வளவுதான்.

அந்த இழுப்பறையைப் பார்த்த பிறகுதான் இவற்றையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்த பதில் கொஞ்சம் வேடிக்கையானது. அட்டைக் கம்பெனிகள் மீது பழி போடுகிறோமே தவிர, இந்த நாள்களில் பலவற்றைத் தொடங்கியவர்கள் தனி மனிதர்கள். அதிலும் பெரும்பாலும் பெண்கள். வியாபாரம் வெல்லத்துக்கு வந்த எறும்பு மாதிரி பின்னால் வந்தது. விதிவிலக்கு, நான் காசு போட்ட அந்த நாள்தான். அது பிறந்ததே விளம்பரக்காரர்கள் வீட்டில்.

அதையே முதலில் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க அலுவலகங்களில் திறமையான செயலாளர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. இன்னும் நிறையப் பெண்களை அந்த வேலைக்கு இழுக்க வேண்டும், இருப்பவர்களைத் தக்கவைக்க வேண்டும். தேசிய செயலாளர்கள் சங்கத்தின் தலைவர் மேரி பாரெட், டிக்டஃபோன் கம்பெனியின் தலைவர் கிங் வுட்பிரிட்ஜ், யங் அண்ட் ருபிகாம் விளம்பர நிறுவனத்தின் ஹாரி கிளெம்ஃபஸ் ஆகியோர் சேர்ந்து போட்ட திட்டம் இது. டிக்டஃபோன் என்பது முதலாளி பேசுவதைப் பதிவு செய்யும் கருவி. அதைக் கேட்டுத் தட்டச்சு செய்பவர் செயலாளர். யார் மனம் குளிர்ந்தால் அந்தக் கருவி விற்கும் என்று புரிகிறதல்லவா? 1952 ஜூன் முதல் வாரத்தைச் செயலாளர்கள் வாரமாக அறிவித்தவர் வணிகத்துறை அமைச்சர் சார்லஸ் சாயர். அமெரிக்காவில் அமைச்சரின் பதவிப் பெயரும் 'செக்ரட்டரி'தான். ஆக, செக்ரட்டரி தினத்தை அறிவித்தவரே ஒரு செக்ரட்டரி. 1955இல் அதை ஏப்ரலின் கடைசி முழு வாரத்துக்கு மாற்றினார்கள். 2000இல் செயலாளர் என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'நிர்வாகப் பணியாளர்' ஆக்கினார்கள். பெயர் மாறியது, மக் மாறவில்லை.

சரி, இப்போது நேர் எதிரான ஒரு கதை. அன்னையர் தினம்.

மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்று ஒரு தாய். பெற்ற பிள்ளைகளில் நால்வர்தான் பெரியவர்களாக வளர்ந்தார்கள். மற்றதெல்லாம் நோய்க்குக் கொடுத்தது. அந்தத் துக்கத்தோடு அவர் சும்மா உட்காரவில்லை. 1858 வாக்கில் ஊர் ஊராகத் தாய்மார்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தார். பாலைச் சோதிப்பது, மருந்து வாங்கிக் கொடுப்பது, காசநோய் வந்த தாயின் வீட்டில் வேலைக்கு ஆள் வைப்பது என்று இறங்கி வேலை செய்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தபோது இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் அதே பெண்கள்தான் மருந்து போட்டார்கள். தாய்மார்களை நினைக்க ஒரு நாளை யாராவது உண்டாக்க வேண்டும் என்று ஒருமுறை அவர் ஞாயிறு பள்ளியில் பிரார்த்தித்ததை மகள் அன்னா சிறுமியாகக் கேட்டிருந்தார்.

தாய் இறந்தது 1905 மே 9. மகள் விடவில்லை. 1908 மே 10 ஞாயிறன்று கிராஃப்டன் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்தில் முதல் அன்னையர் தின ஆராதனை நடந்தது. அன்னா அங்கே போகவில்லை. 500 வெள்ளை கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். அன்று பிற்பகல் பிலடெல்பியாவில் வானமேக்கர் பல்பொருள் அங்காடியின் அரங்கத்தில் பேசிக்கொண்டிருந்தார். கார்னேஷன் எதற்கு? அம்மாவுக்குப் பிடித்த பூ. அதோடு இன்னொரு காரணமும் சொன்னார்: அந்தப் பூ இதழை உதிர்க்காது, நெஞ்சோடு அணைத்தபடியே வாடிப்போகும்.

அதே வருடம் செனட்டில் இந்த யோசனை வந்தபோது உறுப்பினர்கள் கிண்டல் செய்து ஒதுக்கிவிட்டார்கள். இதை ஒப்புக்கொண்டால் நாளைக்கு மாமியார் தினமும் கேட்பார்கள் என்று சிரித்தார்களாம். (கேட்கத்தான் செய்தார்கள். 1934 மார்ச்சில் டெக்சாஸின் அமரில்லோ ஊரில் ஜீன் ஹவ் என்ற பத்திரிகை ஆசிரியர் மாமியார் தினத்தை நடத்தியே காட்டினார்.) அன்னா கடிதம் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார். ஒவ்வொரு மாநிலமாக விழுந்தது. கடைசியில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிறை அன்னையர் தினமாக அறிவித்தார். அறிவித்த தேதி 1914 மே 9, தாய் இறந்த அதே தேதி.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பூ வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். வெள்ளைப் பூவுக்குத் தட்டுப்பாடு வந்ததும், தாய் இறந்துவிட்டால் வெள்ளை, இருந்தால் சிவப்பு என்று ஒரு வழக்கத்தைப் பரப்பினார்கள். மிட்டாய்க் கடை, அட்டைக் கம்பெனி எல்லாம் சேர்ந்துகொண்டன. அன்னாவுக்கு வந்தது பாருங்கள் கோபம்! அந்தப் பெயரை ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தார். யார் அதை வைத்துக் காசு பண்ணினாலும் வழக்கு, மிரட்டல், மறியல். 1925இல் பிலடெல்பியாவில் போர்வீரர்களின் தாய்மார்கள் சங்கம் கார்னேஷன் விற்று நிதி திரட்டியபோது உள்ளே புகுந்து ரகளை செய்து கைதானார். உணவகம் ஒன்றில் 'அன்னையர் தின சாலட்' என்று பட்டியலில் பார்த்து, அதைக் கொண்டுவரச் சொல்லி, வந்ததும் தரையில் கொட்டிவிட்டுக் காசை வைத்துவிட்டு நடந்தார் என்றும் சொல்வார்கள். 1934இல் அரசு மூன்று சென்ட் தபால்தலை போட்டது. ஓவியர் விஸ்லர் தன் தாயை வரைந்த படம்தான். அந்த ஓவியத்தில் இல்லாத ஒரு பூச்சாடியை, கார்னேஷனோடு, ஓரத்தில் சேர்த்துவிட்டார்கள். அன்னா சண்டை போட்டு, 'அன்னையர் தினம்' என்ற சொல் அதில் வராமல் பார்த்துக்கொண்டார். பூச்சாடியை மட்டும் அசைக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் அபாஸ்ட்ரஃபி குறி எங்கே விழ வேண்டும் (Mothers' அல்ல, Mother's) என்பதில்கூட அன்னா பிடிவாதமாக இருந்தார். தாய்மார்கள் எல்லாருடைய நாளும் அல்ல, ஒவ்வொருவரும் தன் ஒரே தாயை நினைக்கும் நாள்; ஆகவே ஒருமைதான். நாம் தமிழில் 'அன்னையர்' என்று பன்மையில் எழுதுகிறோம். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நம் பத்திரிகைகளுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கும்.

பிள்ளைகள் இல்லாத அந்தப் பெண், கையில் காசும் இல்லாமல், 1948இல் பென்சில்வேனியாவின் ஒரு பராமரிப்பு விடுதியில் 84 வயதில் இறந்தார். விடுதிச் செலவில் ஒரு பகுதியைப் பூ வியாபாரத்தோடும் அட்டை வியாபாரத்தோடும் தொடர்புள்ளவர்களே கொடுத்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையானால், அவருக்கு அது தெரியாமல் இருந்ததே நல்லது.

கார்னேஷன் இன்னொரு நாளிலும் வருகிறது. மருத்துவர் தினம், மார்ச் 30. ஜார்ஜியா மாநிலத்தில் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் கிராஃபோர்ட் லாங் என்ற இளம் டாக்டர். அந்தக் காலத்து இளவட்டங்கள் விருந்துகளில் ஈதரை முகர்ந்து கூத்தடிப்பார்கள். அந்த மயக்கத்தில் விழுந்து அடிபட்டாலும் வலி தெரிவதில்லை என்பதை லாங் கவனித்திருக்கிறார். 1842 மார்ச் 30 அன்று ஜேம்ஸ் வெனபிள் என்பவரின் கழுத்திலிருந்த கட்டியை, துண்டில் ஈதரை ஊற்றி முகரவைத்துவிட்டு, வலியில்லாமல் வெட்டி எடுத்தார். கணக்குப் புத்தகத்தில் கட்டணம் இரண்டு டாலர். ஆனால் இதை எழுதி வெளியிட 1849 வரை எடுத்துக்கொண்டார். அதற்குள் 1846இல் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஊரறியச் செய்துகாட்டிப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர் யூடோரா பிரவுன் ஆல்மண்ட், ஜெஃபர்சனுக்குப் பக்கத்து ஊரான விண்டரில் ஒரு டாக்டரின் மனைவி. 1933இல் அவரும் தோழிகளும் டாக்டர்களுக்கு அட்டை அனுப்பினார்கள், இறந்துபோன டாக்டர்களின் கல்லறையில் பூ வைத்தார்கள். சிவப்பு கார்னேஷன் பிற்பாடு இந்த நாளின் அடையாளமானது. தேசிய நாளாகச் சட்டமானது 1990இல்தான்.

செவிலியர்கள் பாடு வேறு. 1953இல் சுகாதாரத் துறையில் இருந்த டாரதி சதர்லாண்ட் ஜனாதிபதி ஐசனோவருக்கு எழுதிக் கேட்டார், அறிவிப்பு வரவில்லை. 1982இல் ரீகன் மே 6ஐ அறிவித்த பிறகு, நைட்டிங்கேல் பிறந்த மே 12 வரை அதை ஒரு வாரமாக நீட்டிக்கொண்டார்கள்.

ஆசிரியர் தினத்தைப் பற்றி இணையமெங்கும் ஒரே வரியைப் பார்ப்பீர்கள்: ஆர்கன்சா ஆசிரியை மேட்டி வைட் உட்ரிட்ஜ் எழுதிய கடிதத்தால், 1953இல் முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினர் ரூஸ்வெல்ட் 81ஆவது காங்கிரஸை இணங்கவைத்தார் என்று. (காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்; இரண்டு வருடத் தவணை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.) 81ஆவது காங்கிரஸ் 1951 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். உறுதியானது இதுதான்: கான்சாஸ், இண்டியானா ஆசிரியர் சங்கங்கள் நெருக்கியதில் 1980 மார்ச் 7ஐ, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும், காங்கிரஸ் ஆசிரியர் தினமாக அறிவித்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் 1984இல் மே மாத முதல் முழு வாரத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றும் அதுதான். காங்கிரஸோ இந்த வேலையில் சலித்துப்போய், நாள் குறிக்கும் மசோதாக்களே இனி வேண்டாம் என்று 1995இல் பிரதிநிதிகள் சபையில் விதி போட்டுவிட்டது.

தந்தையர் தினத்தை விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்பார்கள். ஜூன் மூன்றாம் ஞாயிறு நாள்காட்டிக் கணக்கில் பெரும்பாலும் வசந்தத்தின் கடைசி ஞாயிறுதான், ஆகவே சேர்த்துக்கொள்ளலாம். அன்னையர் தினப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தன் அப்பாவுக்கு ஏன் இல்லை என்று ஸ்போகேன் நகரத்து சொனோரா ஸ்மார்ட் டாட் கேட்டார். அப்பா பிறந்த ஜூன் 5 வேண்டும் என்றார். போதகர்கள் பிரசங்கம் தயாரிக்க நேரம் கேட்டதால் 1910 ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. சட்டமாக 1972 வரை ஆனது. அப்பாக்கள் விஷயம் எங்கேயும் தாமதம்தான் போலிருக்கிறது.

இதில் எதற்கும் விடுமுறை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருபவை தவிர, மற்ற நாள்களில் எல்லாரும் வேலைக்குப் போயாக வேண்டும், பாராட்டப்படுபவர் உட்பட.

என் அனுபவம் ஒன்று. போன வருடம் என் மகள் வகுப்பிலிருந்து ஆசிரியர் வாரத்துக்கு மின்னஞ்சல் வந்தது: திங்கள் ஒரு பூ, செவ்வாய் கையால் எழுதிய கடிதம், புதன் தின்பண்டம் என்று ஐந்து நாளுக்கும் பட்டியல். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத்தான் நான் அதைத் திறந்து பார்த்தேன். காலையில் பள்ளிப் பேருந்து வருவதற்குள் கடைக்குப் போக முடியவில்லை. மகள் புல்வெளியிலிருந்து இரண்டு டான்டலயனைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். இங்கே அது களை, மருந்தடித்துக் கொல்லுவார்கள். நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் கேட்டால், டீச்சர் காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தாராம், மத்தியானத்துக்குள் அது மூடிக்கொண்டதாம்.

இந்த வருடப் பட்டியல் நேற்று வந்துவிட்டது. கார்னேஷன் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம், அதே மஞ்சள் பூதான் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை புல் வெட்ட ஆள் வருகிறார், அவரிடம் ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்ல வேண்டும்.